இரும்புக்கு முந்தின இரும்பு

சங்கரன்கோவிலில் ஏழாம் வகுப்பு படித்தபோது எனக்குக் கற்காலப் பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் கிடந்த கூரான கல்லெல்லாம் ஆதிமனிதன் போட்டுவிட்டுப் போனதுதான். வரலாற்று டீச்சரிடமோ நிஜமாகவே ஒன்று இருந்தது. பனவடலிசத்திரத்தில் அவர்கள் வயலை உழும்போது கிடைத்த கல்கோடரி. கன்னங்கரேலென்று, உள்ளங்கை நீளத்தில், யாரோ எந்தக் காலத்திலோ தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. நச்சரித்து, சனி ஞாயிறுக்கு மட்டும் இரவல் வாங்கினேன். “தொலைச்சேன்னா என் கிளாசுக்கே வராதட்டி” என்று சொல்லித்தான் தந்தார்.

ஞாயிறு மத்தியானம் ஜன்னலில் வைத்த கல்லைக் காணோம்.

யாரிடம் கேட்பது? சித்தி எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். அது தும்மினால்கூட வீடே தொட்டிலைச் சுற்றிக் கூடிவிடும். “சத்தம் போடாத, பிள்ளை முழிச்சிரும்” என்றுதான் என் அழுகைக்கும் பதில் வந்தது. தொழுவத்தையும் அரிசிப் பானையையும்கூடத் துழாவினேன். திங்கள் காலை, காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சித்தி படுக்கையை உதறத் தலையணையைத் தூக்கினாள். அடியில் என் கோடரி!

பிள்ளை பெற்றவள் படுக்கையில் காத்துகருப்பு அண்டாமல் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். அங்கே இருந்த அரிவாளை அப்பா சோளம் அறுக்கக் கொண்டுபோய்விட்டார்.

“கருகருன்னு கனமா இருந்துச்சா, காம்பு போன கோடாலின்னுல்லா எடுத்து வச்சேன்” என்றாள் அம்மா.

“ஐயோ, இது கல்லும்மா!”

சித்தியின் முகம் வெளிறியது. “கல்லா? ராத்திரி பூரா பிள்ளை இரும்பே இல்லாமலா கெடந்துச்சு?” பிள்ளையை வாரி மாரோடு அணைத்தாள்.

பாடம் நடத்தக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? “பயப்படாத சித்தி. இரும்பு வாரதுக்கு முந்தி இதுதான் இரும்பு. புலியே இதைப் பாத்துல்லா ஓடிச்சு!”

சித்தி பிள்ளையைப் பார்த்தாள். அது சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

“புலியே ஓடிச்சாம்லா” என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்தபடியே அழுதாள். பிறகு கல்லை வாங்கி, பிள்ளையின் வசம்பு தடவிய நெற்றியில் ஒற்றித் தந்தாள்.

டீச்சர் அதை மோந்து பார்த்தார். “என்னட்டி, வசம்பு மணக்கு?” நான் இடத்துக்கு ஓடினேன். அன்றைக்குப் பூராவும் கால் தரையில் படவில்லை.

என் கல் கிடைத்ததற்குச் சித்தி எதற்கு அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை. அதே உத்திரத்தில் சித்தியின் முதல் பிள்ளைக்குக் கட்டிய தொட்டிலைச் சீக்கிரமே அவிழ்க்க வேண்டியிருந்ததை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.