பிரேக் இல்லாத சைக்கிளும் நானும்

டிராக் சைக்கிள் ரேஸ் என்பது, சரிவாகக் கட்டிய சிமெண்ட் வளையத்துக்குள் பிரேக்கே இல்லாத சைக்கிளை முழு மூச்சாக மிதிக்கும் தொழில். நாம் காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காது. மாமியார், மேனேஜர், பிள்ளைகளின் ஹோம்ஒர்க் என்று உங்களுக்கும் நிற்காத பெடல் ஒன்று இருக்கும். அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வண்டிக்குப் பின்னால்

2004இல் சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்தேன். எங்கள் கடலூர்ப் பக்கம் டிராக் கிடையாது. "வேன் எதுக்காவது பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போ, எதிர்க்காத்து அடிக்காது, காலு வேகத்தைப் பழகிக்கும்" என்றார் காலேஜ் கோச். மறுநாள் விடிந்ததும் முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன் வேனைப் பிடித்தேன். அது வேகமெடுத்தால் நானும், அது மெதுவானால் நானும். புதுச்சத்திரத்தில் டிரைவர் ஓரங்கட்டி இறங்கி வந்தார்.

"ஏம்மா, துறைமுகத்துலேருந்து தொரத்திக்கிட்டே வர்றியே, மீன் வேணும்னா அங்கயே கேட்டிருக்கலாம்ல?"

வாசனை

விஷயத்தைச் சொன்னதும் மனுஷருக்கு ஒரே குஷி. அன்றிலிருந்து எனக்காகவே கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கால் நன்றாகத் தேறியது. ஆனால் வேனிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் முழுக்க என் மேல்தான். எவ்வளவு சோப்பு போட்டாலும் நாற்றம் போகாது. கிளாசில் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருநாள் பெஞ்சை மாற்றிக்கொண்டே கேட்டாள்:

"நெசமா சொல்லுடி, நீ சைக்கிள் ஓட்டுறியா, வலை இழுக்குறியா?"

பெண் பார்த்த படலம்

படிப்பு முடிந்ததும், ரேஸ் ஓட்டுவதற்காகவே சம்பளம் கொடுத்து ஓர் ஆபீஸ் என்னை எடுத்துக்கொண்டது. அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. முதலில் வந்தவர்கள், சைக்கிளை விட்டால்தான் கல்யாணம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். போய்விட்டார்கள். 

அடுத்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். "பொண்ணு சைக்கிள்ல ரொம்ப தூரம் போவுமா?" என்று கேட்டார் அவருடைய அம்மா. "எங்கயும் போவாதுங்க, சுத்திச் சுத்தி அங்கயேதான் வரும்" என்றாள் என் அம்மா, அவசர அவசரமாக. என்னிடம் தனியாகப் பேச வந்த மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவரும் சைக்கிளை விடச் சொல்லப்போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க, பரவாயில்லையா?"

ரெக்கார்டு

வாத்தியாரோடு கல்யாணமான பிறகு ஒரு சீசனில், சென்னை டிராக்கில் ஐந்நூறு மீட்டர் தேசிய ரெக்கார்டைத் தொடப்போகும் நேரத்தில் கடைசி வளைவில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த வருஷமும் ஒன்றும் நடக்காவிட்டால் இனி மேஜை வேலைதான் என்றது ஆபீஸ். மறுபடி அதே டிராக். ரெண்டே சுற்று. நான் விழுந்த அந்த வளைவு வந்ததும் தோள் தானாக இறுகியது. பல்லைக் கடித்து மிதித்தேன். போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் புது ரெக்கார்டு! கேலரியில் வாத்தியார் குதித்த குதியில் செருப்பு வார் அறுந்துபோனது. நான் டிராக்கிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன்.

அதோடு விட்டார்களா? ரெக்கார்டு போட்டால் ஊக்கமருந்து சோதனை உண்டு. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் ஒரு சொட்டு வரவில்லை. வெளியே எல்லோரும் மாலையோடு நிற்கிறார்கள். பாத்ரூம் வாசலில் காவலுக்கு நின்ற அதிகாரி அம்மா, பொழுது சாய்ந்ததும் கதவைத் தட்டினார்.

"நாட்டுலயே வேகமான பொண்ணும்மா நீ, இதுல மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு?"

மொத்தத்தில் இந்தத் தொழில் எனக்குத் தந்ததில் ரெக்கார்டை 2012இல் வேறொரு பெண் கொண்டுபோய்விட்டாள். கடலூர் ஜவுளிக்கடை எதிலும் ரெடிமேடு சுடிதார் பேண்ட்டுக்குள் நுழையாத இந்தத் தொடைகள் மட்டும் என்னோடேயே தங்கிவிட்டன.