மேஸ்திரியின் பக்கம்

திருப்பதியில் எங்கள் கல்லூரி வாசலிலிருந்த டீக்கடைக்குப் படியாகக் கிடந்தது ஒரு கற்பலகை. அதன் முகம் முழுவதும் அலை அலையாக வரிகள். வழுக்காமலிருக்க மேஸ்திரி உளியால் கொத்தியவை என்றே எல்லோரும் எண்ணினோம். மழைநாளில் செருப்புச் சேற்றை அதில்தான் தேய்ப்போம்.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் ஐதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த காலம். நான் படித்த நிலவியல் பிரிவில் அந்த ஆண்டும் ஆள் சேராவிட்டால் மூடிவிடுவதென்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அதை நடத்திய மேடம் என்னைவிடச் சில வயதே மூத்தவர். சேர்க்கை நாளன்று அவர் வகுப்பையே அந்தப் படிக்குக் கொண்டுவந்துவிட்டார். பட்டிமன்றம்: வரிகளைப் போட்டது நீரா, மேஸ்திரியா? பேச்சுப்போட்டிகளில் கோப்பைகளாகக் குவித்திருந்த எனக்கு மேஸ்திரியின் பக்கம். நிலவியல் மேடம் நடத்தும் பட்டிமன்றத்தில் மேஸ்திரியா ஜெயிப்பார்? தோற்கிற பக்கம் எனக்கா என்று சீறினேன்.

"ஜெயிக்கிற பக்கத்துக்குக் கல்லே இருக்கு. உன்னை எதுக்குப்பா அங்க?" என்றார் மேடம்.

முழங்கினேன். தெலுங்கில் தொடங்கி, எல்லையூர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழுக்குத் தாவி, உளியின் புகழை வானளாவ உயர்த்தினேன். கம்ப்யூட்டர் பிரிவில் சேர நின்ற வரிசை கலைந்து எங்களைச் சூழ்ந்தது. எதிரணியில் நின்றவள் என் வகுப்புத் தோழி, புத்தூர்க்காரி. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நீரூற்றி, மெல்ல ஆட்டினாள். "நீ பேசிக்கினே இருப்பா, இது ஆவறதுக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்றாள். கூட்டம் சிரித்தது. மணலில் வரிகள் எழுந்தன. ஓடி, பிரிந்து, மீண்டும் சேரும் அதே வரிகள்.

"இந்தக் கல்லு அந்த மலையிலர்ந்து வந்தது. அந்த மலை ஒரு காலத்துல கடலோட அடி" என்றாள்.

கூட்டம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தினமும் கும்பிடும் மலையைப் புதிதாகப் பார்த்தது. விஜயபுரத்து விவசாயி ஒருவர் மகனின் தோளைத் தட்டினார். "வரிசை போயிடும், வாடா."

"நீ போய் நின்னுக்கினு இரு நைனா, இதப் பாத்துட்டு வர்றேன்."

அவன் வரவேயில்லை. அவனும் இன்னும் பலரும் மேடத்திடம் பெயர் கொடுத்தார்கள். பிரிவு பிழைத்தது.

நான் வென்ற எந்தக் கோப்பையும் அந்தத் தோல்விக்கு ஈடாகாது. நீர் போட்ட வரி என்று மேடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். மறுக்க ஒருவன் நின்றதால்தான் குனிந்து பார்த்தார்கள்.

டீக்கடை இன்று செல்போன் கடை. படி அப்படியே கிடக்கிறது. அதே பிரிவில் இப்போது நானும் ஆசிரியன். சேர்க்கை நாளில் என் மாணவிகள் தட்டை ஆட்டுகிறார்கள். மேஸ்திரியின் பக்கத்தை மட்டும் நான் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.