என் நாயும் ரெக்சனும்

ரெக்சனைப் பற்றி எங்கள் தெருவில் யார் எழுதினாலும் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அவனைப் பார்த்து நாற்பது வருஷமாக வயிறெரிந்தவன் நான் ஒருவன்தான். வேறு யாரும் அவனை இத்தனை உன்னிப்பாகக் கவனித்திருக்க வழியில்லை.

ரெக்சன் சங்கு குளித்தவன். தூத்துக்குடிக் கடலடியில் அவன் தொடாத பாறைத்திட்டு இல்லை என்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலுக்கடியில் வலது காது ஜவ்வு கிழிந்து ரத்தத்தோடு மேலே வந்தான். இனி இறங்கினால் இன்னொரு காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காதும் பாதிதான் கேட்கும். இப்போது வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கடலுக்குப் போகிறவர்களின் கம்ப்ரசர், காற்றுக் குழாய், முகமூடி எல்லாம் பழுது பார்த்துக் கொடுக்கிறான். மனைவி பிளாரன்ஸ் குவைத்தில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு வீட்டுக்கும் ஒரே பின்மதில். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். மாடி வீடு என்னுடையது, நல்ல பைக் என்னுடையது, இரண்டு காதும் எனக்கு ஒழுங்காகக் கேட்கிறது. இருந்தும் பொறாமை எனக்குத்தான்.

ஏனென்றால், உயிருள்ள எதுவும் அவனிடம்தான் போகும். ஐந்தாவது படிக்கும்போது நான் மரமேறிப் பிடித்து வந்த மைனாக்குஞ்சு என் விரலைக் கொத்திவிட்டு அவன் தோளில் போய் உட்கார்ந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பூனை வளர்த்தேன். நாலு வருஷம் நான் ஊற்றிய பாலைக் குடித்த பூனை, குட்டி போட்டதும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மதில் தாண்டி அவன் வீட்டுக்குக் குடிபோனது. 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது தெருவிலிருந்த ஆடு, கோழி, பெயர் தெரியாத நாய்கள் எல்லாம் அவன் வீட்டு மொட்டை மாடியில் இருந்தன. என் மாடி அதைவிட உயரம். ஒரு காக்காய்கூட வரவில்லை.

அந்த வெள்ளத்தில்தான் பின்மதில் பாதி விழுந்தது. நீ கட்டு, நீ கட்டு என்று இருவருமே கட்டாமல் விட்டோம்.

சரி, ஒரே ஒரு உயிராவது என்னுடையது என்று இருக்கட்டும், அதுவும் சின்னதாக இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். பெரிய நாய் வாங்குவது என்று தீர்மானித்தது அப்படித்தான். கால்நடை டாக்டர் ஜெயபிரியாவிடம் கேட்டேன். "நம்ம ஊரு வெயிலுக்கு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்குங்க. உடம்பு தாங்கும், விசுவாசமாவும் இருக்கும்" என்றார். உள்ளூர் நாய் ரெக்சனுக்கு உள்ளூர்ப் பழக்கத்தில் வாலாட்டிவிடும் என்று எனக்குப் பயம். அதை டாக்டரிடம் சொல்ல முடியுமா? யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். லாப்ரடார் மில்லர்புரத்தில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. கிரேட் டேன் துறைமுகத்து ஏஜென்ட் ஒருவர் வைத்திருந்தார்; சாப்பாட்டு மேசைக்கு மேலே தலை நீட்டுகிறது என்று அவர் மனைவியே குறைப்பட்டுக்கொண்டார். ராட்வைலர் என்றதுமே என் மனைவி விஜிலா, நாய் உள்ளே வந்தால் தான் வெளியே போய்விடுவதாகச் சொன்னாள்.

கடைசியில் போனில் செயின்ட் பெர்னார்டைப் பார்த்தேன். பனிமலையில் புதைந்த ஆளைத் தோண்டி எடுக்கிற நாய். பூசணிக்காய் அளவு தலை, தொங்கும் கன்னம். விஜிலாவிடம் பெயரை மட்டும் சொன்னேன்.

"புனிதர் பேரா வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. மடத்துச் சாமியாருங்க வளர்த்த நாயி."

"அப்பம் சரி. வீட்டுக்கு ஒரு காவலா இருக்கட்டும்" என்றாள். பனிமலை என்ற விவரத்தை நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. புனிதர் பெயர் இருந்தால் போதும், தூத்துக்குடி வெயிலையும் அந்தப் புனிதரே பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் இரண்டு பேரும் மெய்யாகவே நினைத்தோம்.

கோயம்புத்தூரிலிருந்து குட்டி வந்தது. பைலட் என்று பெயர் வைத்தேன். மழையும் குளிரும் இருந்த அந்த நாலு மாசம் பைலட் என் நாயாக இருந்தது. நான் சாப்பிடும்போது என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கும். மாசம் ஏழெட்டுக் கிலோ ஏறியது. தெருவில் கூட்டிக்கொண்டு நடந்தால் ஆட்டோக்கள் நிற்கும். ரெக்சன் வாசலைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

மார்ச் பிறந்தது. வெயில் ஏறியதும் பைலட் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், விழுந்த மதில் வழியாக ரெக்சன் வீட்டுக்குப் போய் அவன் காலடியில் கிடக்கிறது. ஓட்டை பார்க்க ரெக்சன் ரப்பர் குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பான். வழிகிற தண்ணீரில் வேப்பமரத்தடி மணல் எப்போதும் நனைந்திருக்கும். அந்த ஈரத்தில் நாய் ஒரு குழி தோண்டி வயிற்றை வைத்துப் படுத்திருந்தது.

"ஏலே, என் நாய எதுக்குக் கூப்பிடுத?" என்று கேட்டேன்.

"நான் எங்க கூப்பிட்டேன்? அதுவா வந்துச்சு ஜோன்ஸு."

"உங்கிட்ட எல்லாந்தான் அதுவா வருது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் துளிகூட இருக்காது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. தின்னக் கொடுத்து மயக்குகிறான் என்று பழி போடலாம் என்றால், ஒரு சாளை மீன் தலைகூட அவன் போட்டதில்லை.

மதில் இடைவெளியில் பலகை வைத்து அடைத்தேன். பைலட் தோளால் ஒரு இடி இடித்தது, பலகை ரெக்சன் பக்கம் விழுந்தது. சங்கிலி போட்டேன். நான் வேலைக்குப் போனதும் விஜிலா அவிழ்த்துவிட்டாள். "மூச்சு வாங்குது, பாக்க முடியல்ல. நீங்க வேணும்னா கெடந்து பாருங்க இந்தச் சிமெண்ட்டுத் தரையில" என்றாள்.

காலை ஷிஃப்ட் முடிந்து நான் வீடு திரும்ப மூன்று மணி தாண்டும். ஒவ்வொரு நாளும் பைலட் எங்கள் முன்கேட்டில்தான் நிற்கும். ஆனால் வயிற்று முடியெல்லாம் ஈர மணல் ஒட்டியிருக்கும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாள் முழுக்க அவன் வீட்டில் கிடக்கவிட்டு, நான் வருகிற நேரம் பார்த்து இந்தப் பக்கம் விரட்டிவிடுகிறார்கள். விஜிலாவும் அவனும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள். கேட்டால், "அதுவாத்தான் வந்து நிக்குது" என்பாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பேசி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், நிலக்கரிக் கப்பல் ஒன்றிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை. கிரேனை விட்டு இறங்கவே ஐந்தரை ஆகிவிட்டது. விஜிலா அன்று மணப்பாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்தேன். கேட்டில் நாய் இல்லை. பின்பக்கம் ஓடினேன்.

வேப்பமரத்தடியில் நனைந்த சாக்குகள் மேல் பைலட் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு கறுத்து மணலில் கிடந்தது. ரெக்சன் ஒரு கையால் வயிற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இன்னொரு கையை விலா எலும்பில் வைத்திருந்தான். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாத. எண்ணுதேன்" என்றான்.

கடலில் இறங்கினவனின் மூச்சை மேலே படகில் இருக்கிறவன் கணக்கு வைப்பான். அந்தக் கணக்கில்தான் அவன் உயிர் இத்தனை காலம் தப்பித்தது. இப்போது என் நாயின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது நன்றி. தோன்றியது வேறு. என் நாய் சாகும்போதும் அவன் மடியில்தானா என்று தோன்றியது.

"இப்பம் மூச்சு வாங்குதது கொறையுது. டாக்டருக்குப் போன் போட்டாச்சு. உன் கேட்டுக்கிட்டதான் விழுந்து கெடந்துச்சு. அங்கன தரை கொதிக்குது" என்றான்.

பைலட் வாலை ஒரு தரம் அசைத்தது. யாரைப் பார்த்து அசைத்தது என்று எனக்குத் தெரியாது, ரெக்சனுக்கென்றே எடுத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு வழக்கம்போல் என் வாசலுக்கு விரட்டியிருக்கிறான், நான் வரவில்லை என்றதும் திரும்பக் கூப்பிட மறந்திருக்கிறான் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஜெயபிரியா வந்து ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். நாய் பிழைத்துவிட்டது. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த ஜாதிக்கு ஒண்ணு குளிர்ந்த ஊரு வேணும். இல்லன்னா பகல் பூரா இதே ஈர மணல்ல கெடக்கட்டும், சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரட்டும். ரெண்டு வீட்டுப் பிள்ளையா வளந்துட்டுப் போவுது."

ரெக்சன் நாயின் காதைத் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆசை இருந்தது. அது தெரிந்ததும் என் முடிவு உறுதியாகிவிட்டது.

நாய் விற்றவரிடம் விசாரித்து, கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிற சுந்தரராஜ் என்பவரைப் பிடித்தேன். சும்மாவே கொடுக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். விஜிலா அழுதாள். "ரெக்சன் அண்ணன் வீட்டுலதான் எடம் இருக்கே" என்றாள். அதன் உயிர்தான் முக்கியம் என்று சொன்னேன். தெருவில் எல்லோரும் என் மனசைப் புகழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் தோளில் தட்டினார். அவ்வளவு பேரிடமும் தலையாட்டிக்கொண்டேன். உண்மை இதுதான்: முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் அது இருக்கலாம், ரெக்சன் வீட்டில் இருக்கக்கூடாது.

சுந்தரராஜ் வேனோடு வந்த அன்று பைலட் வண்டியில் ஏற மறுத்தது. நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. ரெக்சன்தான் வந்து, "நீ மொதல்ல ஏறு ஜோன்ஸு. அது ஏறும்" என்றான். ஏறினேன். பின்னாலேயே அது ஏறி என் காலடியில் படுத்தது. நான் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினால் கேட்டருகில் ரெக்சன் நிற்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீ பண்ணுனது பெரிய காரியம்லே. நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"எல்லாம் அதுக்கு நல்லதுக்குத்தான்" என்றேன்.

"உன் வண்டிச் சத்தம் எனக்கு எங்க கேக்குது? மூணு மணியானா பைலட்டு காத நிமித்திக்கிட்டு எந்திரிக்கும். சரி, ஜோன்ஸு வார நேரம்னு எனக்குத் தெரியும். அது எந்திரிச்ச பொறவு நான் தலகீழா நின்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. ஈரத்த விட்டுட்டு இந்தக் கொதிக்கிற தரையில வந்து நிக்கும். அன்னைக்கு நீ வரல்ல. ரெண்டு தடவ வந்து கழுத்தப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்து நின்னுட்டு. மூணாவது தடவ நான் வரதுக்குள்ள விழுந்துட்டு."

நான் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"எல்லாம் எங்கிட்ட வருதுன்னு நீ சொல்லுவல்லா. வரும். வந்து திங்கும், தூங்கும், போயிரும். ஒண்ணாவது எனக்காவ வெயில்ல நின்னதில்ல ஜோன்ஸு. உன்னக் கண்டா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன, நெசமாவே பொறாமைப்பட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். அதே சிரிப்பு.

ரெக்சன் ஒரே ஒரு நாள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று நாற்பது வருஷம் ஏங்கியவன் நான். அதை அவன் வாயாலேயே கேட்டுவிட்டேன். நாயை ஏன் அனுப்பினேன் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. வெயிலாக இருக்கிறது, உள்ளே வா என்று மட்டும் சொன்னேன். வேலை கிடக்கிறது என்று போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சுந்தரராஜுக்குப் போன் செய்தேன். பைலட் நன்றாக இருப்பதாகவும், குளிரில் குதித்து விளையாடுவதாகவும், அவருடைய மகள் பின்னாலேயே சுற்றுவதாகவும் சொன்னார்.

"மூணு மணிக்கு கேட்டுல போயி நிக்குதா?" என்று கேட்டேன்.

"மொத ரெண்டு நாள் நின்னுச்சு சார். கூப்பிட்டாலும் வரல. அப்புறம் அதுவா விட்டுடுச்சு" என்றார்.

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன்.