மூத்தாள் காசு

புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேய்க்கும்போது பழைய வெள்ளியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். ஈர இரும்பும் பாசியும் கலந்த மாதிரி இருக்கும், இரண்டு நாளைக்கு விரலை விட்டுப் போகாது. பத்து வயதில் என் கையில் எப்போதும் அந்த வாடைதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. தாமிரபரணியில் கார்த்திகை வெள்ளம் வடிந்து, தை மாதம் மணல் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்ததும், அம்மா துணி அலசும் நேரத்தில் நான் குனிந்த தலை நிமிராமல் திட்டைச் சுற்றி வருவேன். ஆளைக் கண்டால் பேச்சு வராத எனக்கு அந்த வேலை ரொம்பத் தோதாக இருந்தது.

கிடைப்பது பெரும்பாலும் பாசி பிடித்த செம்புத் துண்டுகள், எப்போதாவது ஒரு வெள்ளிக்காசு. அதில் ஒரு தலை இருக்கும், சுற்றிலும் நமக்குத் தெரியாத எழுத்து. ஆண் தலை போட்டதை அப்பா வாங்கிக்கொள்வார், ஆசாரியிடம் போய் உருகிவிடும். பெண் தலை போட்டதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். பெண் முகத்தை உருக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆசாரிமார் தொடமாட்டார்கள். அதனால் அவை எனக்கே என்று ஆயின. ரோமாபுரி ராஜாக்களின் மனைவிமாரும் மகள்களும் அவர்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அவர்கள் "சீமை ராணி". ஒரு தைல டப்பாவில் ஐந்து ராணிகள் வைத்திருந்தேன். உச்சிக்கொண்டை போட்டவள், பின்னல் சுற்றியவள், கழுத்துக்குக் கீழே பிறை உள்ளவள், மூக்கு தேய்ந்தவள், உதட்டை இறுக்கிக்கொண்டு எதையோ சொல்லாமல் அடக்கி வைத்திருப்பவள். கடைசியில் சொன்னவளைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

அந்த வருஷம் சிவகாமி அக்காவுக்கு டவுணிலிருந்து மாப்பிள்ளை வந்தது. ரதவீதிக்குப் பக்கத்தில் பெரிய வீடு, ஒரே மகன். மனைவியை இழந்தவர். "ரெண்டாந்தாரம்னா என்ன, சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாங்காவ" என்று அப்பா சொன்னார். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பிறகு சம்மதித்தாள்.

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் தாரமாகப் போகிறவள் தாலிக்கயிற்றில், செத்துப்போன முதல் தாரத்தை ஒரு காசாகக் கோத்துப் போடுவார்கள். "மூத்தாள் காசு" என்று அதற்குப் பெயர். போனவள் பொறாமைப்பட்டு வந்தவளைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அவளையும் கழுத்தில் வைத்துக்கொள்வது. அதில் பெண் முகம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள்: "ஆத்துக்காசுல பொம்பள தல போட்டது ஒங்க சின்னவட்ட இருக்காம்லா. அதையே கோத்திருவோம். எங்க மூத்தவளுக்குக் கோவம் சாஸ்தி, பாத்துக்கிடுங்க."

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து உதடு இறுக்கியவளைத்தான் அவள் எடுத்தாள். நான் காசை விடவில்லை. கையை மூடிக்கொண்டு நின்றேன். கடைசியில், "சரி, நீயே வந்து ஆசாரிட்ட குடு, வளையம் வச்சித் தருவாரு" என்று அப்பா என்னையும் டவுணுக்குக் கூட்டிப் போனார்.

அந்த ஆசாரியை மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்லியிருந்தார்கள். என்னைப் பட்டறையில் விட்டுவிட்டு அப்பா எதிர்ச்சாரியில் வெற்றிலை வாங்கப் போனார். ஆசாரி காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த தன் மனைவியிடம், "பாத்தியா, அந்த வீட்டுக்கு இது ரெண்டாவது காசு. போன தடவ முக்காடு போட்டவ, இது ஒதட்ட இறுக்குனவ" என்றார்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரும். புள்ள நிக்குல்லா."

"இது ஊமக்கோட்டான்ட்டீ. வந்ததுலேந்து ஒரு வார்த்த பேசிச்சா? இது எங்கன போய்ச் சொல்லப்போவுது!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு காசு என்றால் செத்தவள் ஒருத்தி. இரண்டாவது காசு என்றால் அந்த வீட்டில் செத்தவர்கள் இரண்டு பேர். அக்கா மூன்றாவதாகப் போகிறாள், எங்களிடம் மறைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்காதா? விளங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முறுக்கு சுட ஆள் வந்திருந்தது, வீடு நிறையக் கூட்டம். "என்னட்டீ, வழில நிக்கெ?" என்றாள் அம்மா. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே எட்டு நாள் போய், கல்யாணமும் முடிந்துவிட்டது.

தலை ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தார்கள். இளைத்திருந்தாள். இலையில் உட்கார்ந்ததும் முதல் கைச் சோற்றை உருட்டிக் காசுக்கு நேராக ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். தலை வாரும்போது "இருட்டீ, அவ பாக்கட்டும்" என்று காசை வெளியே எடுத்துப் போட்டாள். நான் பார்த்தேன். கயிற்றில் இரண்டு காசுகள் இருந்தன.

"ஒண்ணு பெரியவ, ஒண்ணு நடுவுள்ளவ" என்றாள் அக்கா, பைய. "தாலி கட்டுன அன்னைக்கே நடுவுள்ளவளக் கோத்து ஒக்கார வச்சிருக்காவ, பெரியவள அங்கன போன பொறவுதான் கோத்தாவ. அம்மாட்ட சொல்லிராத. அழுவா."

சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் மார்கழியில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள். வண்டி கட்டிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மாசியில் மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். வயதுக்கு வந்ததால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி நான் வீட்டில் இருந்தேன். "வெளிய எங்கயும் நாங்க தேடல. ஒங்க வீட்டுப் பொண்ணு, ஒங்க வீட்டுக் காசு. இவட்ட இன்னும் நாலு இருக்குல்லா" என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் வெளியே வந்தேன்.

"மூணு காசையும் நாந்தான் போடணுமா?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "என்ன மூணு?" என்றாள் அம்மா. ஆசாரி சொன்னது, அக்கா கழுத்தில் பார்த்தது, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அம்மா வந்தவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"சீரு ஒண்ணும் கேக்கலைல்லா..." என்று அப்பா ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

அம்மா தட்டை எடுத்து வாசலில் வைத்தாள். வந்தவள் எழுந்து போனாள். அன்று சாயங்காலம் டப்பாவோடு ராணிகளை ஆற்றில் போட்டுவிட்டு வந்த அம்மா, சாகும்வரை அப்பாவுக்குச் சோறு போட்டாள். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மூணு வருஷம் எப்படிட்டீ உள்ள வச்சிருந்த?"

இப்போது நான் பேரப்பிள்ளைகள் எடுத்தவள். மணல் திட்டு இருந்த இடத்தில் லாரிகள் இறங்கி ஆள் முழுகும் பள்ளம் ஆக்கிவிட்டன. போன மாதம் பழங்காசு சேர்க்கிற ஒருவர் வந்து, "ஆச்சி, ராணி தலைக் காசு ஏதும் இருக்கா? அதுக்குத்தான் கிராக்கி" என்று படங்களைக் காட்டினார். ஒவ்வொருத்திக்கும் பேர் சொன்னார், யாருடைய மனைவி, எப்படிச் செத்தாள் என்பது வரை சொன்னார். இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

அந்த மாப்பிள்ளை பிறகு வேறு ஊரில் பெண் எடுத்தார் என்று கேள்வி. அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்த வீட்டை இடித்து மூன்று மாடி ஜவுளிக்கடை கட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்குச் சேலை எடுக்க மருமகள் என்னை அங்கேதான் கூட்டிப் போகிறாள். "ஏசி போட்டிருக்கு, உள்ள வந்து இரிங்க அத்தை" என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறாள். செருப்பு விடுகிற இடத்தோடு நான் நின்றுகொள்கிறேன்.