நாகல் நகர் மாடியில் அமைப்பியல்

அமைப்பியல் என்ற இலக்கியக் கோட்பாட்டை நடத்திப் பிழைக்கிறவன், தான் நடத்துவது தனக்கே புரிகிறதா என்று யோசிக்கக் கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில், தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு நாகல் நகரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் டியூஷன் எடுத்தேன். திறனாய்வுத் தாள் என்றாலே ஓட்டம் பிடித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். எனக்கும் ஓடத்தான் தோன்றியது. வாத்தியார் என்பதால் வெளியே சொல்லவில்லை.

பேரும் ஆளும்

"மரம் என்ற சொல்லுக்கும் மரத்துக்கும் இயற்கையான உறவு கிடையாது. எல்லாரும் ஒப்புக்கொண்டதால்தான் அது மரம். வேறு பெயர் வைத்திருந்தாலும் நிழல் கொடுத்திருக்கும்" என்று முதல் வகுப்பில் முழங்கினேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஜெசிந்தா எழுந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் ஜெசிந்தா. படிப்புச் சான்றிதழில் யசிந்தா. அதைத் திருத்த ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தார்.

"இப்பச் சொன்னத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார், நாளைக்கே ஆபீசுல கொண்டுபோய்க் குடுக்குறேன்."

முதன்முறை பார்த்த குழம்பு

பழகிய பொருளை முதன்முறை பார்ப்பதுபோலக் காட்டுவதே இலக்கியத்தின் வேலை என்பது உருவவியலாரின் கட்சி. தினமும் பார்க்கும் ஒன்றை அப்படி எழுதி வரச் சொன்னேன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்த முருகேசன், மனைவி வைக்கும் குழம்பைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். 'பழுப்பு நிறத் திரவத்தில் அடையாளம் தெரியாத சில துண்டுகள் மிதந்தன' என்று ஆரம்பம். வகுப்பில் வாசிக்கச் சொல்லிப் பாராட்டினேன்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தூக்குவாளியைத் திறக்க, அவர் மட்டும் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மனைவி நோட்டைப் படித்துவிட்டாராம்.

"இனிமே கொழம்பு வெஞ்சனம் வேணும்னா அந்த சார் வீட்டுலயே போய்த் தின்னுக்கச் சொல்லிட்டா சார்."

யார் எழுதியது?

'எழுதியவரைத் தேடாதே, பிரதியைப் பார்' என்ற பாடத்துக்காகப் பெயர் போடாமல் ஒரு கவிதையைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிய என் சொந்தக் கவிதை. எல்லாரும் வியந்த பிறகு உண்மையைச் சொல்வதாக உத்தேசம்.

அரைமணி நேரம் அலசினார்கள். எதுகையை எண்ணினார்கள், மோனையை எண்ணினார்கள். கடைசியில் முருகேசன், "எல்லாம் இருக்கு சார், சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்று முடித்தார். முகத்தைக் காட்டாமல் பலகையை அழிக்கத் திரும்பினேன். ஜெசிந்தா டீச்சர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"விடுங்க சார், அடுத்த கவிதை நல்லா வரும்."

மூன்றாவது தடவை

முருகேசன் திறனாய்வுத் தாளில் இரண்டு முறை தோற்றவர். மில்லை விட்டு வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வழி அந்தப் பட்டம். மூன்றாவது தடவை தேர்வு முடிந்ததும் ஆளையே காணோம். பயந்துபோனேன்.

ரிசல்ட் வந்த வாரம் மிக்சர் பொட்டலத்தோடு படியேறி வந்தார். பாஸ். நான் கொடுத்த நோட்ஸ் எந்தப் பக்கம் கைகொடுத்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் மறந்துபோச்சு சார். அமைப்பியல்னா என்னன்னு கேட்டிருந்தாங்க. மில்லுல நா வரலைன்னா அந்த மெஷின்ல இன்னொருத்தன் நிப்பான், நூல் அதே நூல்தான் வரும். ஆளு பெருசில்ல, ஆளு நிக்கிற எடந்தான் பெருசுன்னு எழுதுனேன். இத நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு தடவ ஃபெயிலாகி இருக்க மாட்டேன்ல?"

அமைப்பியலை எனக்குப் புரியவைத்தவர்கள் என்னிடம் படிக்க வந்தவர்கள்தாம் என்பதை, தொழில் நலன் கருதி, இதுவரை அவர்களிடம் நான் சொல்லவில்லை.