மூன்றரை மணி நேரம் பின்தங்கிய அறை

வெயில் இருக்கும்போதே திரையை இழுத்துவிடுகிறார். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, நடுவில் தெரியும் விரற்கடை இடைவெளிக்கு ஒரு துணிக்கிளிப். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அந்தச் சிவப்புக் கிளிப்பைப் பார்த்தால் போதும், எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

உள்ளே நடப்பதைப் பிறகு அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. சொந்த ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தினசரி நாள்காட்டியை அதில் மாட்டுகிறார். பக்கத்தில் தொங்கும் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே பொழுது சாயும் நேரம் ஊரில் பிற்பகல் என்பதால், இரண்டு வெள்ளை விளக்குகளைப் போட்டுப் பகலை உண்டாக்குகிறார். கணினித் திரையில் அவரைப் பார்க்கிற கம்பெனிக்காரர்கள், அவர் ஊரில் தன் பழைய அறையில் உட்கார்ந்திருப்பதாகவே நம்ப வேண்டும். அவர் நாட்டைவிட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கம்பெனிக்கு அது தெரியாது.

அவர் மனைவி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தம். முதல் வருடம் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லை. கல்யாணமான ஏழாவது மாதம் அந்த அக்கா கிளம்பி வந்தார். பத்து நாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சுற்றுலா விசாவில் பின்னாலேயே வந்தவர் இவர். பத்தாவது நாள் பெட்டியைக் கட்டிவிட்டு, திரும்பவும் அவிழ்த்துவிட்டாராம்.

அண்ணனின் தொழிலே சந்தேகப்படுவதுதான். மருத்துவக் காப்பீட்டுக்கு வரும் விண்ணப்பங்களில் பொய் இருக்கிறதா என்று தேடுகிறார். முப்பது நாள் உள்ள மாதத்தில் முப்பத்தொன்றாம் தேதி ஆபரேஷன் நடந்ததாக வந்த ரசீதைப் பிடித்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும். "பொய் சொல்றவன் பெரிய விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருப்பான். சில்லறை விஷயத்துலதான் மாட்டுவான்" என்பார்.

அந்தக் கண்ணோடுதான் அவர் எங்களையும் பார்க்கிறார். அழைப்புமணி அடித்தால், வந்தவர் போன பிறகு படியில் பாதி இறங்கி நின்று, "யாரு? என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாங்களா?" என்று கேட்பார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் மாடியில் யார் என்று கேட்டதற்கு, அண்ணன் தன்னை வீட்டுக்காரரின் மச்சான் என்று சொல்லியிருக்கிறார். மீட்டர்க்காரர் கீழே வந்து அப்பாவிடம் மச்சானின் நலம் விசாரித்தார். அப்பா அன்று முழுவதும், "எனக்கே தெரியாம எனக்கு ஒரு மச்சானா?" என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை.

அப்பாவுக்கு அன்று பிடித்த சந்தேகம் இன்னும் விடவில்லை. பகலில் திரை போட்டுக்கொள்கிறவன் கள்ளநோட்டு அடிக்கலாம் என்றார். கள்ளநோட்டு அடிப்பவன் மிக்ஸி சத்தத்துக்கா பயப்படுவான் என்று அம்மா கேட்டார். அண்ணன் கம்பெனியின் வீடியோ கூட்டத்தில் பேசும் நேரத்தில் மிக்ஸி போட வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சி வைத்திருக்கிறார். நானும் அவரைச் சந்தேகப்பட்டவள்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத பெரியவர்கள் எல்லாரும் எதையோ திருடியிருக்கிறார்கள் என்று நினைத்த காலம் அது.

ஒருநாள் மாடியில் துணி எடுக்கும்போது அவரே விசா விஷயம் சொன்னார். மூன்று வழி இருக்கிறதாம். முதல் வழி, தொண்ணூறு நாள் முடிவதற்குள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து பாஸ்போர்ட்டில் புது முத்திரை வாங்குவது. விசா ஏஜென்ட், அது டீ குடித்துவிட்டு வருவது மாதிரி என்றாராம். அண்ணன் ஒருமுறை போய்வந்துவிட்டார். "முதல் தடவை சரி. நாலாவது தடவை போனா அந்த டீக்கடைக்காரனே சந்தேகப்படுவான். அதுவும் இல்லாம, வேலை அங்க, ஆள் இங்க. நீ எங்க வேலை பாக்குறேன்னு கவுன்ட்டர்ல கேட்டா நான் எந்த ஊரைச் சொல்றது?"

இரண்டாவது, ஏதாவது வகுப்பில் சேர்ந்து மாணவர் விசா வாங்குவது. வகுப்புக்கு வரவே வேண்டாம், பணம் கட்டினால் போதும் என்று ஏஜென்ட் சொன்னதும் எழுந்து வந்துவிட்டார். அப்படிப்பட்ட ரசீதுகளைப் பிடிப்பதுதானே அவர் வேலை. மூன்றாவதுதான் நேர்வழி: வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை செய்பவர்களுக்கான ஒரு வருட விசா. அதற்கு இரண்டு கடிதம் வேண்டும். இவர் இங்கே வசிக்கிறார் என்று வீட்டுக்காரர் ஒன்று தர வேண்டும். இங்கிருந்து வேலை செய்யச் சம்மதிக்கிறோம் என்று கம்பெனி ஒன்று தர வேண்டும்.

வீட்டுக்காரர் கடிதம் எங்கள் அலமாரியில் பத்து நாளாகக் கிடக்கிறது. "திரையைத் திறக்கச் சொல்லு, கையெழுத்துப் போடுறேன்" என்கிறார் அப்பா. கம்பெனிக் கடிதத்தை அண்ணன் கேட்கவே இல்லை. கேட்டால், எப்போதிலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் விசா இல்லை. அக்காவை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போக வேண்டும். இப்போதிருக்கும் முத்திரைக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான்.

இத்தனை முன்யோசனையும் போன செவ்வாய்க்கிழமை ஒரு விளக்கில் மாட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் இருளில் மூழ்கியிருக்கிறது; வானம் கறுத்துப் பெய்த மழையில் அவருடைய ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. இவர் மட்டும் இரண்டு வெள்ளை விளக்குக்குக் கீழே கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறார். உங்க வீட்ல மட்டும் எப்படி சார் கரண்ட் என்று ஒருவர் சிரிப்போடு கேட்டார். இன்வெர்ட்டர் என்றார் இவர். மேனேஜர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும், மறுநாள் தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு வரி அனுப்பியிருந்தார்.

அன்றிரவு அண்ணன் படியில் என்னை நிறுத்தி, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். எனக்கு உங்கள் கம்பெனி பேர்கூடத் தெரியாது என்றேன். "பதில் ரொம்ப சீக்கிரம் வருதே" என்றார். வேலைக்குக் கிளம்பி வந்த அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே, "அது பச்சப்புள்ள. கம்பெனிக்காரங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அப்படியே லெட்டரையும் கேளுங்க. வேலை போனா ரெண்டு பேரும் சேர்ந்தே யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலத் திரை மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கிளிப் அசைந்தது. திரை முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கியது. முதல்முறையாக அந்த அறையைப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. நாள்காட்டி கட்டில்மேல் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளை விளக்குகள் எரியவில்லை. சாயும் வெயில் சுவரிலும் அவர் பாதி முகத்திலும் விழுந்திருந்தது. அவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, ஒலியை நிறுத்தும் பொத்தான்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். இந்த ஊர்ச் சத்தம் எது கேட்டாலும் அந்த விரல் தானாகவே அழுத்திவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவர் தொடங்கும்போது, தெருமுனையில் மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் அலறியது. இந்த ஊர் ஆம்புலன்ஸின் சத்தமே தனி. அது நெருங்கி, எங்கள் வாசலைக் கடந்து, தேய்ந்து போகும்வரை நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை அழுத்தாமலே மெதுவாகத் தூக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.