என் புறங்கையில் எழுதியவர்

என் வீட்டுக்காரர் திராகுதின், எங்கள் ஊரான ரியேகாவின் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை போயிற்று. ஒரே கையால் போனைப் பிடிக்கவும் தட்டவும் முடியாமல் ஊரையே திட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, உள்ளங்கையில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவியை மருத்துவமனையில் கொடுத்தார்கள். நாலு விரலுக்கு நாலு பொத்தான், கட்டைவிரலுக்கு ஒன்று. எந்தெந்தப் பொத்தானைச் சேர்த்து அமுக்குகிறோமோ அதற்கேற்ற எழுத்து போனில் விழும். இரண்டே மாதத்தில் வலது கை அதில் ஓட ஆரம்பித்தது. குப்பை லாரி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நகரசபைக்குப் புகார் மேல் புகார்.

எங்கள் ஒரே மகன் வெத்ரான் டப்ளினில் பஸ் ஓட்டுகிறான். புது வேலை, லீவு கிடைக்கவில்லை என்று, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் வரவில்லை. "இனிமே அவன் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றார் இவர். அவனும் அதே ரத்தம்தானே? "அவரா கூப்பிடட்டும், வர்றேன்" என்றான். மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் நான் ஒருத்தி வெந்துகொண்டிருந்தேன். மீன் வாங்கப் போகிற சாக்கில் அவனோடு பேசுவேன். வீட்டுக்குள் வாய்விட்டு ஒரு தரம் வெத்ரான் என்று சொல்ல மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் அலைத்தடுப்புச் சுவரின் மேல் நடப்போம். தடுமாறாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொள்வார். கருவி வீட்டில் இருக்கும், விரல்கள் மட்டும் சும்மா இருக்காது. என் புறங்கையை அமுக்கிக்கொண்டே வரும்.

"என் கை என்ன நகரசபையா? இங்கயும் புகாரா?"

"பழக்கம். விடு."

விட நான் ஆளில்லை. கருவியோடு வந்த எழுத்து அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன். மூன்று வாரம் பிடித்தது.

அன்று நடக்கும்போது கவனித்தேன். ஆறு அமுக்கல், ஒரு நிறுத்தம், மறுபடி அதே ஆறு. வெத்ரான். எங்கள் மொழியில் அந்தப் பேருக்கு ஆறு எழுத்து. சுவர்க் கோடியிலிருந்த கலங்கரை விளக்கு வரைக்கும் வேறு ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருடமாக இந்த மனுஷன் என் கையில் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாரா? கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

நின்றேன். அவர் கையைத் திருப்பி, என் விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினேன்: கூப்பிடுங்க.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "எப்பலேர்ந்து உனக்கு இது தெரியும்?"

என் போனில் அவனை அழைத்து அவர் காதில் வைத்தேன்.

"அம்மா?"

இவருடைய விரல்கள் என் கையில் தாறுமாறாக அமுக்கின, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா, சொல்லும்மா."

"வாடா" என்றார்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

"அழறான். நீ பேசு" என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.